10-ஐயும் 5-ஐயும் கூட்டினால் 105 வருவது ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். பைத்தான் என்ற புரோகிராம் மொழியைக் கற்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்லும் ஒரு புரோகிராம் எழுதினீர்கள். 10, 5 என்று கொடுத்தால் 15 வராமல் 105 வருகிறது. ‘டைப்பைக் கவனி’ என்று யாரோ சொல்ல, இன்டிஜர், ஃப்ளோட், ஸ்ட்ரிங், பூலியன் என்று நான்கைந்து பெயர்களைப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பத்து என்றால் பத்துதானே, அது எண் என்று கம்ப்யூட்டருக்கே தெரியாதா, எதற்கு இத்தனை வகை என்று கேட்கிறீர்கள்.

தெரியாது என்பதுதான் பதில். அது ஏன் தெரியாது, தெரியாமல் இருப்பதே ஏன் நல்லது என்பதைத்தான் கீழே சொல்லப்போகிறேன். பைத்தானின் சொற்களை இங்கே இன்புட், இன்ட், டைப் என்று தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன்; நீங்கள் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் 105. இன்புட்() எதைக் கேட்டு வாங்கினாலும் ஸ்ட்ரிங்காகத்தான் திருப்பித் தரும். நீங்கள் கீபோர்டில் தட்டியது 1 என்ற குறி, 0 என்ற குறி. அது தொகையா, கதவு எண்ணா, பாஸ்வேர்டா என்பது அதற்குத் தெரியாது; தெரிந்துகொள்ளவும் முயல்வதில்லை. தட்டிய குறிகளை வரிசையாகக் கோத்து அப்படியே கையில் கொடுத்துவிடும். பள்ளிப் பாடப்புத்தகம் ஸ்ட்ரிங்கைச் ‘சரம்’ என்று சொல்வது இந்த இடத்தில் நன்றாகவே பொருந்துகிறது. இரண்டு எண்களுக்கு நடுவே + போட்டால் கூட்டல். இரண்டு சரங்களுக்கு நடுவே போட்டால் ஒட்டல்.

10 + 5 → 15
"10" + "5" → "105"

மேற்கோள்குறி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் வெளியில் தெரியும் வித்தியாசம். உள்ளே இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். மெமரியில் இருப்பதெல்லாம் 0, 1 மட்டும்தான். 01000001 என்று எட்டு பிட்டுகள் ஓரிடத்தில் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு எண்ணாகப் படித்தால் அது 65. எழுத்தாகப் படித்தால் ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ. ஒரு படத்தின் துண்டாகப் படித்தால் ஏதோ ஒரு நிறத்தின் அளவு. இதில் எது சரி என்று அந்தப் பிட்டுகளிடமே கேட்டால் பதில் கிடைக்காது. ‘இதை இப்படித்தான் படிக்க வேண்டும்’ என்று யாராவது பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும். அந்தக் குறிப்புதான் டைப். தமிழில் தரவினம், தரவு வகை என்கிறார்கள்.

குறிப்புக்கு இன்னொரு பாதியும் உண்டு: அந்த மதிப்பை வைத்து என்னென்ன செய்யலாம், என்னென்ன செய்யக் கூடாது. புதிதாகக் கற்பவருக்கு இந்த இரண்டாம் பாதிதான் முக்கியம் என்பது என் எண்ணம். 7 / 2 என்று கேட்கலாம். "தமிழ்" / 2 என்று கேட்டால் பைத்தான் மறுத்துவிடும், ஏனென்றால் அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. ஆகவே ஒரு மதிப்பின் வகையை முடிவு செய்யும்போது, அது பார்க்க எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். அதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று பாருங்கள்.

தொலைபேசி எண் ஒரு நல்ல உதாரணம். பெயரிலேயே ‘எண்’ இருக்கிறது, முழுக்க இலக்கங்கள்தான். ஆனால் இரண்டு தொலைபேசி எண்களை யாராவது கூட்டுவார்களா? சராசரி எடுப்பார்களா? மாட்டார்கள். அப்படியானால் அது ஸ்ட்ரிங். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்ப காலத்தில் ஒரு உறுப்பினர் பட்டியலை புரோகிராமுக்குள் ஏற்றும்போது, உறுப்பினர் எண்தானே என்று அதை இன்டிஜராக வைத்தேன். 00451 என்றிருந்தது 451 ஆகிவிட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே பட்டியலில் 0451 என்றும் ஒருவர் இருந்தார். இரண்டு பேரும் ஒரே ஆள் ஆகிவிட்டார்கள். யாருடைய விவரம் யாரோடு கலந்தது என்று பிரித்தெடுக்க ஒரு வாரம் ஆயிற்று.

சரி, கம்ப்யூட்டரே யூகித்துக்கொள்ளக் கூடாதா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். யூகிக்கும் மொழிகளும் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் அப்படித்தான். அதில் இதைப் பாருங்கள்:

"10" + 5 → "105"
"10" - 5 → 5

முதல் வரியில் 5-ஐ ஸ்ட்ரிங்காக மாற்றி ஒட்டிவிட்டது. இரண்டாவது வரியில், ஸ்ட்ரிங்கிலிருந்து எதையும் கழிக்க முடியாதே என்று "10"-ஐ எண்ணாக மாற்றிக் கழித்துவிட்டது. இரண்டுமே நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட உதவிதான். ஆனால் இந்த உதவியால் தப்பு நடந்த இடத்தில் சத்தமே வராது. நூறு வரி தள்ளி எங்கோ ஒரு கணக்கு பொருந்தாமல் போகும்போதுதான் தெரியும். பைத்தானில் "10" + 5 என்று அடித்தால் டைப்எரர் என்று உடனே நின்றுவிடும். சிடுசிடுப்பாகத் தெரிந்தாலும் எனக்கு இதுதான் பிடிக்கிறது.

யூகத்தால் பெரிய இடத்திலேயே தலைவலி வந்ததுண்டு. மனித மரபணுக்களில் சிலவற்றுக்குச் சுருக்கப் பெயர் செப்ட்1, மார்ச்1 என்ற மாதிரி இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் இவற்றை எக்செல்லில் ஏற்றினால், அது ‘ஓ, தேதி போலிருக்கிறது’ என்று தானாகவே செப்டம்பர் 1, மார்ச் 1 என்று மாற்றிவிடும். வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்புக் கோப்புகளில்கூட இந்தத் தப்பு இருந்தது. கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயர்களையே செப்டின்1, மார்ச்எஃப்1 என்று மாற்ற வேண்டி வந்தது. மென்பொருள் வகையைத் தானாக யூகித்ததற்கு அறிவியலே பெயர் மாற்றிக்கொண்டது!

இனி வகைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முழு எண், அதாவது இன்டிஜர். 0, 7, -42. பைத்தானில் இதற்கு வரம்பே இல்லை. மெமரி இருக்கும்வரை பெரிதாகிக்கொண்டே போகும். 2-இன் 100-ஆம் அடுக்கைக் கேட்டால் 1267650600228229401496703205376 என்று ஓர் இலக்கம் விடாமல் சொல்லும். இந்த வசதியில் பழகிவிட்டு ஜாவா, சி பக்கம் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அங்கே இன்ட் என்றால் பெரும்பாலும் 32 பிட். எட்டக்கூடிய மிகப் பெரிய எண் 2147483647. ஜாவாவில் அதோடு 1 கூட்டினால் எரர் வராது, -2147483648 வரும். பழைய வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்கு அப்புறம் 00000 காட்டுமே, அதே கதை. வித்தியாசம், இது பூஜ்யத்துக்குப் போகாமல் மைனஸின் அடிமட்டத்துக்குப் போய்விழுகிறது.

2014-இல் யூடியூபில் ஒரு கொரியப் பாட்டின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தொட, கவுண்டரை 64 பிட்டுக்கு மாற்றியிருப்பதாக அந்தத் தளம் அறிவித்தது. நேரத்தையும் இதே 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய அமைப்புகள் இன்னும் உண்டு. அவை 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருக்கின்றன. 2038 ஜனவரி 19 அன்று உலகப் பொது நேரம் 03:14:07-க்கு அவற்றின் எண்ணிக்கை உச்சத்தைத் தொடும். அடுத்த விநாடி, அவற்றைப் பொறுத்தவரை 1901.

இதைவிடச் சின்ன 16 பிட் இன்டிஜரின் உச்சம் 32767. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில், பக்கவாட்டு வேகம் சார்ந்த ஒரு 64 பிட் தசம மதிப்பை 16 பிட் இன்டிஜராக மாற்றும் வரி ஓடியது. மதிப்பு அந்தச் சின்ன இடத்தில் அடங்கவில்லை. அந்த மென்பொருள் ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்து வைத்தது. பழைய ராக்கெட்டின் வேகத்துக்கு அந்த இடம் போதுமானதாக இருந்தது. கிளம்பிய சுமார் 40 விநாடிகளில் ராக்கெட் சிதறியது. டைப் மாற்றம் என்ற ஒரு வரியை ‘சின்ன விஷயம்’ என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் நா வராது.

இன்டிஜரில் வகுத்தலையும் சொல்லிவிடுகிறேன். பைத்தானில் 7 / 2 என்றால் 3.5. இரட்டைக் கோடு போட்டு 7 // 2 என்றால் 3. ஜாவாவில் ஒற்றைக் கோட்டுக்கே 3 வரும், இரண்டு பக்கமும் இன்டிஜர் என்பதால். மைனஸ் வந்தால் இன்னும் வேடிக்கை: பைத்தானில் -7 // 2 என்பது -4, ஜாவாவில் -7 / 2 என்பது -3. ஒன்று கீழ்நோக்கி இறங்குகிறது, மற்றது பூஜ்யத்தை நோக்கி வெட்டுகிறது.

அடுத்தது ஃப்ளோட், தசமப் புள்ளி உள்ள எண். புதியவர்கள் ‘கம்ப்யூட்டருக்கே கணக்குத் தெரியவில்லை’ என்று அதிர்ந்துபோகும் இடம் இதுதான்:

0.1 + 0.2 → 0.30000000000000004
0.1 + 0.2 == 0.3 → ஃபால்ஸ்

பைத்தான் மட்டுமில்லை, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், சி எல்லாவற்றிலும் இந்தக் கணக்கு இப்படித்தான் போகும். தசமப் புள்ளி எண்களுக்காக 1985-இல் வந்த ஐஇஇஇ 754 என்ற தரத்தைத்தான் இன்றைய பிராசஸர்கள் பின்பற்றுகின்றன. அதன்படி கணக்கு சரியாகத்தான் நடந்திருக்கிறது.

காரணம் எளிது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதச் சொன்னால் 0.3333 என்று எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். பத்தின் அடுக்குகளால் மூன்றில் ஒன்றை முழுதாகச் சொல்ல முடியாது. கம்ப்யூட்டருக்கு இருப்பது இரண்டின் அடுக்குகள்: அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் போவது. நம் பழைய கீழ்வாய்க் கணக்கில் இந்தப் பின்னங்களுக்குத் தனிப் பெயர்களே இருக்கின்றன. இவற்றை மட்டும் கூட்டிப் பத்தில் ஒன்றைக் கொண்டுவர முயன்று பாருங்கள். வீசம் என்பது 0.0625. அதோடு அதில் பாதியான 0.03125-ஐச் சேர்த்தால் 0.09375. அடுத்த பாதியைச் சேர்த்தால் 0.109375, தாண்டிவிட்டது, அதை விட்டுவிட்டு இன்னும் சின்னதைச் சேர்க்க வேண்டும். இப்படியே கிட்டக் கிட்டப் போகலாமே தவிர, 0.1-ஐத் தொடவே முடியாது. பைனரியில் 0.1 என்பது 0.000110011001100... என்று முடியாமல் ஓடுகிறது. 64 பிட்டில் 53 பிட் துல்லியத்துக்குத்தான் இடம் இருக்கிறது, அங்கே வெட்டி, மிகக் கிட்டத்தில் இருக்கும் மதிப்பை எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் 0.1 என்று எழுதும்போது உண்மையில் மெமரியில் உட்காருவது இது:

0.1000000000000000055511151231257827021181583404541015625

பார்க்க வேண்டுமானால் பைத்தானோடு கூடவே வரும் டெசிமல் மாட்யூலை இம்போர்ட் செய்துகொண்டு டெசிமல்(0.1) என்று அடித்துப் பாருங்கள். ஒருமுறை இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் ஃப்ளோட்டின் மீது வரும் மரியாதையே வேறு. இதே காரணத்தால் 0.5 + 0.25 == 0.75 என்று கேட்டால் ட்ரூ வரும்; அவை அரையும் காலும் முக்காலும், வெட்டுவதற்கு எதுவுமில்லை. லூப் போட்டு 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் 0.9999999999999999 வரும்.

இவ்வளவு சின்னப் பிசகால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், வந்த ஸ்கட் ஏவுகணையை அமெரிக்கப் படையின் பேட்ரியாட் தடுப்பு அமைப்பு தவறவிட்டது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிகளாக எண்ணியது. விநாடியாக மாற்ற 0.1-ஆல் பெருக்கியது, அந்த 0.1 வெறும் 24 பிட்டில் வெட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒரு துடிப்புக்கு ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பிசகு. ஆனால் அமைப்பு அணைக்கப்படாமல் சுமார் 100 மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சேர்ந்த பிசகு 0.34 விநாடி. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

நடைமுறையில் இரண்டு பழக்கங்கள் போதும். இரண்டு ஃப்ளோட்டுகள் சமமா என்று == போட்டுக் கேட்காதீர்கள்; வித்தியாசம் மிகச் சின்னதா என்று கேளுங்கள். பைத்தானில் மேத் மாட்யூலில் இஸ்குளோஸ் என்று இதற்கே ஒன்று இருக்கிறது. அப்புறம், பணத்தை ஃப்ளோட்டில் வைக்காதீர்கள். எந்த நாட்டுப் பணமானாலும் அதன் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள், அல்லது பத்தின் அடுக்குகளிலேயே கணக்கு வைக்கும் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள். டெசிமலுக்கு மதிப்பைக் கொடுக்கும்போது மேற்கோள்குறி போட்டு டெசிமல்("0.1") என்று கொடுக்க வேண்டும். குறியில்லாமல் கொடுத்தால் ஏற்கெனவே வெட்டுப்பட்ட 0.1 தான் உள்ளே போகும்.

பூலியனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ட்ரூ, ஃபால்ஸ் என்று இரண்டே மதிப்பு, ஆம், இல்லை. 19-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஜார்ஜ் பூலின் பெயர். சி மொழியில் 1999 தரம் வரும்வரை இதற்கென்று தனி வகையே கிடையாது, 0, 1-ஐ வைத்தே ஓட்டினார்கள். அந்த வாசனை பைத்தானிலும் கொஞ்சம் இருக்கிறது: ட்ரூ + ட்ரூ என்று கேட்டால் கூச்சப்படாமல் 2 என்று சொல்லும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்:

பூல்(0) → ஃபால்ஸ்
பூல்("") → ஃபால்ஸ்
பூல்("0") → ட்ரூ
பூல்("ஃபால்ஸ்") → ட்ரூ

கடைசி இரண்டும் ஸ்ட்ரிங். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பைத்தான் படிப்பதில்லை. காலியா இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. செட்டிங்ஸ் கோப்பிலிருந்து ‘ஃபால்ஸ்’ என்ற சொல்லைப் படித்து, அதை அப்படியே இஃப்-இல் போட்டுவிட்டு, அணைத்து வைத்த வசதி ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாத புரோகிராமர் அபூர்வம்.

மறுபடியும் ஸ்ட்ரிங். எண்ணைவிட இதுதான் ஆழமான கிணறு, அதுவும் நம்மைப் போல் தமிழில் எழுதுகிறவர்களுக்கு. லென்("தமிழ்") என்று நீளம் கேட்டுப் பாருங்கள். த, மி, ழ் என்று மூன்று எழுத்து. ஆனால் பைத்தான் 5 என்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோட் என்ற தரத்தில் மி என்பது ஒரு குறியீடு இல்லை: ம ஒன்று, இகரத்தின் கொக்கி ஒன்று. ழ் என்பதும் அப்படித்தான்: ழ ஒன்று, புள்ளி ஒன்று. த, ம, கொக்கி, ழ, புள்ளி, ஆக ஐந்து. இதையே கோப்பில் யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 15 பைட் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்). மூன்றும் ஐந்தும் பதினைந்தும் ஒரே சொல்லுக்கு மூன்று சரியான விடைகள். எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது.

இது தெரியாமல் ‘ஸ்ட்ரிங்கைத் திருப்பிப் போடு’ என்ற பாடப் பயிற்சியைத் தமிழில் செய்தால் என்ன வரும்? புள்ளி முதலில் வந்து தொங்க இடமில்லாமல் நிற்கும்; ழ-வுக்குப் பக்கத்தில் மகரத்தின் கொக்கி வந்து ஒட்டிக்கொண்டு ழி ஆகிவிடும்; அப்புறம் ம, த. ‘ழ்மித’ என்று எதிர்பார்த்தவருக்கு ஒரு வட்டப்புள்ளியோடு ‘ழிமத’ கிடைக்கும்.

இன்னொன்று. ‘கொ’ என்ற எழுத்தைக் க-வோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். க-வோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. == போட்டால் ஃபால்ஸ். இதற்காகவே நார்மலைசேஷன் என்று ஒரு முறை இருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் ‘கௌ’ என்பதைக் கெ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் நார்மலைசேஷனும் காப்பாற்றாது. கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் அங்கே உட்கார்ந்திருப்பது உண்மையிலேயே ளகரம். பெயர்ப் பட்டியலில் தேடினால் கௌதம் கிடைக்காமல் போவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

வரிசைப்படுத்துவதிலும் வகை விளையாடும். "9" > "10" என்று கேட்டால் ட்ரூ. ஸ்ட்ரிங்கை ஒப்பிடும்போது அகராதி மாதிரி முதல் குறியை முதல் குறியோடு பார்க்கிறது. 9 என்ற குறி 1-க்குப் பின்னால் வருவது, அவ்வளவுதான். கோப்புகளுக்கு 1, 2, 10 என்று பெயர் வைத்தால் 1, 10, 2 என்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்ச் சொற்களையும் யூனிகோட் எண் வரிசைப்படிதான் அடுக்கும். அந்த வரிசையில் ந-வை அடுத்து ன, அதற்கப்புறம்தான் ப. ல, ள, ழ, வ என்று போகும். தமிழ் அகராதி வரிசை வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

கடைசியாக ஒரு விசித்திர வகை: எதுவும் இல்லை என்பதற்கான மதிப்பு. பைத்தானில் நன், வேறு பல மொழிகளில் நல். 0 இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றும். ஒரு மதிப்பெண் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதி ஒன்றும் எடுக்காதவருக்கு 0. தேர்வுக்கே வராதவருக்கு நன். சராசரி எடுக்கும்போது முதல் ஆளைச் சேர்க்க வேண்டும், இரண்டாவது ஆளை விட்டுவிட வேண்டும். இருவருக்கும் 0 போட்டால் பட்டியல் பொய் சொல்லும். நல் என்ற இந்த யோசனையை 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் கொண்டுவந்த கணினி அறிஞர் டோனி ஹோர், 2009-இல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று வருத்தப்பட்டார். இல்லாத ஒன்றை இருப்பதாக நினைத்துத் தொட்டு விழுந்த புரோகிராம்கள் அத்தனை. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு நல், அன்டிஃபைண்ட் என்று இரண்டு இருக்கின்றன. ஒன்று போதாதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இத்தனையும் படித்துவிட்டு ஜாவா பக்கம் போனால், அங்கே வேரியபிளை, அதாவது மதிப்பை வைக்கும் பெயரை, அறிவிக்கும்போதே அதன் வகையை எழுதச் சொல்வார்கள். இன்ட் என்று அறிவித்த பெயருக்குள் பிறகு ஸ்ட்ரிங்கைப் போட முடியாது, புரோகிராமை ஓட்டுவதற்கு முன் மொழிபெயர்க்கும் கம்பைலரே தடுத்துவிடும். பைத்தானில் பெயருக்கு வகை கிடையாது, மதிப்புக்குத்தான் உண்டு. இப்போது 10 வைத்த பெயரில் அடுத்த வரியில் "பத்து" வைக்கலாம். சந்தேகம் வந்தால் டைப்() போட்டுக் கேளுங்கள். ஒரு வாரம் கற்றவருக்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

இப்போது உங்கள் புரோகிராம். திருத்தம் இவ்வளவுதான்:

அ = இன்ட்(இன்புட்("முதல் எண்: "))
ஆ = இன்ட்(இன்புட்("இரண்டாவது எண்: "))
பிரிண்ட்(அ + ஆ)

வேரியபிளுக்கு அ, ஆ என்று பெயர் வைத்திருப்பது விளையாட்டுக்கு இல்லை. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை உண்மையிலேயே ஏற்றுக்கொள்ளும்.

இன்ட்() செய்வது வகை மாற்றம். அதற்கும் சில குணங்கள் உண்டு. முன்னும் பின்னும் இடைவெளி இருந்தால் கண்டுகொள்ளாது. இன்ட்(10.9) என்றால் 10 தான், முழுமையாக்காது, வெட்டிவிடும். ஆனால் இன்ட்("10.9") என்று ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் வெட்டாது, வேல்யூஎரர் காட்டி நின்றுவிடும், தசமம் வரும் வாய்ப்பிருந்தால் இன்ட்-க்குப் பதிலாக ஃப்ளோட்() போடுங்கள். "பத்து" என்று தட்டினாலும் வேல்யூஎரர்தான். பயனர் அப்படித் தட்டக்கூடும் என்றால் ட்ரை, எக்ஸெப்ட் போட்டுப் பிடித்து, மறுபடி கேளுங்கள்.

அப்படிப் பிடித்துவிட்டு, தமிழ் இலக்கத்தில் ௧௦ என்று தட்டிப் பாருங்கள். இன்ட்() அதை 10 என்று சரியாகவே வாங்கிக்கொள்ளும், ௧-உம் ௦-உம் யூனிகோடில் இலக்கம் என்றே பதிவாகியிருப்பதால். அதே பத்தைப் பழைய முறையில் ௰ என்று ஒற்றைக் குறியாகத் தட்டினால் ஏற்காது. யூனிகோட் கணக்கில் அதற்குப் பத்து என்ற மதிப்பு உண்டு, ஆனால் அது இலக்கம் இல்லை.